ஹெல்ப்பர் என்று எழுதிய கடிதம்

அபுதாபி முசஃபாவில் நான் வேலை பார்த்த யார்டுக்கு, பாலைவனத்து எண்ணெய்க் கிணறுகளிலிருந்து கழற்றிய பழைய குழாய்கள் லாரி லாரியாக வந்து இறங்கும். அவற்றைச் சுத்தம் செய்து, சோதித்து, திருப்பி அனுப்புவதுதான் கம்பெனியின் தொழில். எனக்கு அலுவலகத்தில் கடதாசி வேலை. கேட் பாஸ், லீவு விண்ணப்பம், மெடிக்கல், விசா புதுப்பிப்பு, வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அனுபவக் கடிதம் எல்லாம் என் மேசையிலிருந்துதான் போகும். ஒன்பது வருடம் அந்த மேசையில் இருந்தேன். அங்கே தட்டச்சு செய்த கடிதங்களில் ஒன்றை மட்டும் என்னால் இன்னும் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்க முடியும். நான்கே வரிதான்.

அந்தக் கடிதம் முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கானது. நான் சேர்ந்தபோதே அவர் அங்கே பழைய ஆள். பல வருடம் எண்ணெயும் உப்புத் தண்ணீரும் ஓடிய குழாயின் உள்ளே சுண்ணாம்புபோல ஒரு படிவு இறுகிப் பிடித்திருக்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் படிவது போலத்தான், ஆனால் விரல் தடிப்பில். தமிழ் ஆட்கள் அதைக் காரை என்பார்கள். நீளக் கம்பியை உள்ளே விட்டு இடித்து, வெளியே சுத்தியலால் தட்டி, பிறகு காற்றடித்து அதை வெளியே தள்ள வேண்டும். காற்றடிக்கும்போது குழாயின் மறுமுனையில் வெளிறிய புழுதி கிளம்பி ஆட்களை மூடும். மாஸ்க் கொடுத்திருந்தோம். ஜூலை வெயிலில் அதைப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று கழுத்துக்கு இறக்கிவிட்டு, துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வார்கள். யாரும் கண்டித்ததில்லை. ஏசி அறையின் கண்ணாடி வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நானும் கேட்டதில்லை.

அவர் பதினொரு வருடம் காரை தட்டினார்.

முதல் தடவை லீவு விண்ணப்பத்துக்கு வந்தபோது நான் அவரை "அண்ணை" என்று கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அண்ணையா? எங்க ஊர்ல அண்ணேம்போம். நீங்க சிலோன்காரங்களா மேடம்?"

"ஓம். யாழ்ப்பாணம்."

"உங்க தமிழு நல்லாருக்கு. பாதி புரியல, ஆனா நல்லாருக்கு."

அதன் பிறகு அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று சட்டையை நன்றாக உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். என் மேசை அழுக்காகக் கூடாதாம். உதறிய தூசி வெயிலில் மிதப்பது தெரியும். எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருடம் குளிர்காலத் தொடக்கத்தில், குழாய்களை அனுப்புகிற எண்ணெய்க் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. யார்டில் கதிர்வீச்சு எவ்வளவு இருக்கிறது என்று வெளியாள் ஒருவரை வைத்து அளந்து அறிக்கை தர வேண்டும். அதற்காக அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். குள்ளமான உருவம், அகன்ற முகம், பின்னிக் கட்டிய நரைமுடி. வந்த முதல் நாள் யார்டில் இருந்த நேபாளிகள் தங்கள் ஊர்க்காரி என்று நினைத்து நேபாளியில் பேசினார்கள். கேன்டீனில் இருந்த பிலிப்பினோப் பெண் தகாலோக்கில் பேசினாள். அவர் இரண்டு பேருக்கும் சிரித்துத் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம், தான் அமெரிக்காவின் ஆதிக்குடி மக்களில் ஒருத்தி, நவாஹோ இனம் என்றார். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

அவருக்கு மூன்று வார வேலை. எனக்குத் தமிழும் ஆங்கிலமும் கொஞ்சம் ஹிந்தியும் தெரியும் என்பதால் மேலாளர் என்னை அவரோடு சுற்ற அனுப்பினார்.

கையடக்கமான ஒரு மீட்டரை அவர் குழாயின் வாயருகே பிடிப்பார். கருவி டிக் டிக் என்று மெதுவாகத் தொடங்கும். சில குழாய்களில் அந்தச் சத்தம் ஒன்றோடொன்று ஒட்டி, பொரி பொரிவதுபோலக் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு குழாயின் பக்கத்தில்தான் எங்கள் அண்ணை கம்பியோடு நின்றார்.

"இவர்களுக்கு இது என்னவென்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?" என்று அந்த அம்மா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் நீ சொல்லு" என்றார்.

"அண்ணை, இந்தக் காரையில கதிர்வீச்சு இருக்காம்."

"கதிர்வீச்சுன்னா?" அவர் கம்பியைத் தரையில் ஊன்றிக்கொண்டு யோசித்தார். "கதிரு... நெல்லுக் கதிரா மேடம்?"

நான் தடுமாறினேன். பள்ளிக்கூடத்தில் படித்த சொல். எனக்கே அதற்கு மேல் தெரியாது. அந்த அம்மா என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் மொழியிலும் அதற்குச் சொல் இருக்கவில்லை" என்றார். "எக்ஸ்ரேயைச் சொல்லிப் பார்."

"எக்ஸ்ரே எடுக்கிறவையெல்லோ, அந்த மாதிரி ஒண்டு. கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தூசியில இருந்து வருமாம்."

"ஓ. மாசமா இருக்கவங்களுக்கு எடுக்கக்கூடாதும்பாங்களே, அதா."

"அதுதான்."

"எம்புட்டு வருது?"

நான் அந்த அம்மாவைக் கேட்டேன். வெளியிலிருந்து உடம்பில் படுவது பெரிய அளவில்லை, மூச்சோடு உள்ளே போகிற தூசிதான் தன் கவலை என்றார். பூமிக்கடியில் இருக்கும் யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாக மாறும், அது எண்ணெயோடு வரும் தண்ணீரில் கரைந்து மேலே வந்து குழாயில் படியும் என்று எனக்கு விளக்கினார். "யுரேனியத்தின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்" என்றார்.

நான் அண்ணையிடம் அவ்வளவும் சொல்லவில்லை. "மூக்கை நல்லாக் கட்டுங்கோ, மாஸ்க்கை இறக்காதேங்கோ" என்றேன். அவர் அப்போதே மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது வாரம் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். வெட்டி எறியும் துண்டுக் குழாய்கள் எங்கே போகின்றன? ஸ்கிராப் பதிவேட்டில் இருக்கிற எடை குறைவாக இருக்கிறதே. நான் அண்ணையைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"கேம்புக்குக் கொண்டு போவோம் மேடம். துணி காயப் போடக் கம்பம், கட்டிலுக்குக் கால் முட்டு, எல்லாம் அதுலதான். ஃபோர்மேனுக்கும் தெரியும். திருட்டு இல்ல."

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் ஆட்கள் தங்கும் கேம்புக்குப் போனோம். விடுமுறை நாள். சிலர் முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள், சிலர் கோழி உரித்துக்கொண்டிருந்தார்கள். மீட்டரைக் கண்டதும் எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். துணிக் கம்பங்கள் நான்கில் இரண்டு சத்தம் போட்டன. சமையல்கட்டில் பெரிய சட்டி வைக்கிற முக்காலி சத்தம் போட்டது. ரூமுக்கு வெளியே, நிழல் விழும் சுவரோரம், மூன்று குழாய்களை இணைத்து வெல்டிங் வைத்த ஒரு பெஞ்சு இருந்தது. மீட்டரை அதன் திறந்த முனையில் வைத்தபோது அன்றைக்குக் கேட்டதிலேயே அதிகமான சத்தம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே காரை அப்படியே இருந்தது.

அண்ணை பெஞ்சைத் தொட்டபடி நின்றார். "இது நான் பண்ணுனது" என்றார். "இங்கதான் டவர் நல்லாக் கெடைக்கும். வீட்டுக்குப் பேசுறது, சோறு திங்கிறது, எல்லாம் இதுல உக்காந்துதான். ஏழெட்டு வருசமாக் கெடக்கு."

அந்த அம்மா நோட்டில் எண்ணை எழுதினார். எழுதி முடித்த பிறகும் பேனாவை மூடாமல் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணையிடம், மொழிபெயர்க்க என்னை விடாமல் தானே, "மாஃபி பைட்டோ. ஓகே?" என்றார். இனி உட்காராதே. யார்டில் யாரிடமோ கற்றுக்கொண்ட அரபியும் ஹிந்தியும் கலந்த இரண்டு வார்த்தை. அண்ணை "அச்சா, அச்சா" என்றார்.

திரும்பும் வழியில் ஷாபியாவில் ஒரு தேநீர்க் கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் காகிதக் கோப்பைகளில் கொண்டுவந்து ஜன்னல் வழியே கொடுத்தார். அந்த அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஒன்றும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் யுரேனியச் சுரங்கம் இருந்தது. அப்பா அங்கே பாறை உடைத்தார். வெடி வைத்த புகை அடங்குவதற்கு முன்னே உள்ளே போகச் சொல்வார்களாம். தாகம் எடுத்தால் சுரங்கச் சுவரில் வழிகிற தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிப்பார்கள். சில்லென்று இருக்கும், நல்ல தண்ணீர் என்று அப்பா சொல்வார். மத்தியானம் உடம்பெல்லாம் தூசியோடு வீட்டுக்கு வருவார். நாங்கள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வோம். அந்த உடுப்பை அம்மா எங்கள் உடுப்போடு சேர்த்துக் கையால் துவைப்பாள்.

"சுரங்கத்துக்கு வெளியே கொட்டிக் கிடந்த கல் தட்டையாக, அழகாக இருக்கும். எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. அப்பா வண்டியில் ஏற்றிவந்து வீட்டுக்குத் தரை போட்டார். ஊரிலேயே நல்ல தரை எங்களுடையதுதான். நான் அதில்தான் தவழ்ந்தேன். மழைக்குப் பிறகு சுரங்கக் குழியில் தண்ணீர் நிற்கும். ஆடுகள் அதைக் குடிக்கும். நாங்கள் அதில் குளிப்போம்."

"பிறகு?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு நுரையீரலில் வந்தது. அவர் வாழ்நாளில் சிகரெட் பிடித்ததில்லை. எனக்குப் பதினைந்து வயது அப்போது. பிறகு சித்தப்பா. பக்கத்து வீடுகளிலும் ஒவ்வொருவராக. தங்கைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. சுரங்கக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள், குழியை மூடாமலே. நான் காலேஜில் படிக்கும்போது வெள்ளை உடுப்பில் ஆட்கள் மீட்டரோடு வந்தார்கள். எங்கள் தரையில் வைத்தார்கள். ஒரு வாரத்தில் வீட்டை இடித்து, கல்லையெல்லாம் பீப்பாய்களில் அடைத்துக் கொண்டுபோனார்கள். அம்மா அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இவ்வளவு வருடம் எங்கே இருந்தீர்கள் என்று."

அதனால்தான் இந்த வேலையைப் படித்தீர்களா என்று கேட்டேன். அந்த மீட்டர் என்ன சொல்கிறது என்று தன் வீட்டில் ஒருவருக்காவது வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடும் போரில் இடிந்ததுதான். நான் பத்து வயதில் அதைப் பார்த்தவள். ஆனால் ஷெல் வருவது காதில் கேட்கும், பங்கருக்கு ஓடலாம். அவர் வீட்டில் ஓட வேண்டும் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. இதை அவரிடம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் தேநீர் ஆறிப்போயிருந்தது. இருவரும் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அவருடைய அறிக்கையால் நல்லது நடந்தது, அதை மறைக்கக் கூடாது. ஒரே மாதத்தில் கேம்பிலிருந்த குழாய்களையெல்லாம் லாரியில் ஏற்றிப் போனார்கள். யார்டில் காரை தட்டும் இடத்துக்கு வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். காற்றடிப்பது நின்று, தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் இயந்திரம் வந்தது. முழு உடுப்பு, நல்ல முகமூடி, வேலை முடிந்ததும் குளிக்க இடம். ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு திறக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. இன்றைய தேதியிலிருந்து தொடங்கு என்றார் மேலாளர். அதற்கு முந்தைய வருடங்களுக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். அதற்கு அளவு எதுவும் நம்மிடம் இல்லையே, இல்லாததை எப்படி எழுதுவாய் என்றார். அவர் சொன்னது சரிபோலத்தான் இருந்தது. நான் வெற்று வரிகளை விட்டுவிட்டு அன்றைய தேதியிலிருந்து தொடங்கினேன்.

அண்ணை அப்போதே இருமத் தொடங்கியிருந்தார். தூசி இருமல் என்று கிளினிக்கில் சிரப் கொடுத்தார்கள். சட்டை அவருக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அடுத்த வெயில்காலத்தில் ஒரு நாள் வேலை நடுவே குழாய்களின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மொழிபெயர்க்க நான் போயிருந்தேன். வலப்பக்க நுரையீரலில் கட்டி இருக்கிறது, பரவியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

"என்ன சொல்றாரு மேடம்?"

"கட்டி ஒண்டு இருக்காம் அண்ணை."

"கேன்சரா?"

"ஓம்."

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்தக் காரையினாலயான்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். டாக்டர், இவர் சிகரெட் பிடிப்பாரா என்றார். முன்பு பிடித்தவர்தான், ஊரில் பீடி, இங்கே வந்து இரண்டு வருடம் சிகரெட். அப்படியானால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் அதைச் சொன்னதும் அண்ணை தலையாட்டினார். "அப்ப தெரியாதுங்கிறாரு. சரி."

வேலைக்குத் தகுதியில்லை என்று மெடிக்கல் வந்தது. அரபியில் சொல்வதுபோல கலாஸ்: வேலையும் முடிந்தது, விசாவும் முடிந்தது. டிக்கெட்டும் கணக்கும் எல்லாம் மேலாளர் தாமதமில்லாமல் செய்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்து பார்த்தவரும் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போவதற்கு இரண்டு நாள் முன்பு அண்ணை என் மேசைக்கு வந்தார். வாசலில் சட்டையை உதறவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

"மேடம், சர்டிபிகேட்ல நான் காரை தட்டுனத எழுதிருங்க. பதினோரு வருசம்னு. அந்தம்மா சொன்னாங்களே, அந்தப் பவுடரு, அதையும். ஊர்ல டாக்டரு கேட்டா எனக்கு இங்கிலீஷ்ல சொல்லத் தெரியாது. பேப்பரக் காட்டிருவேன்."

மேலாளரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அறிக்கை ஒன்று கோப்பில் இருக்கும்போது இந்தக் கடிதத்தில் அந்த வேலையைக் குறிப்பிட்டால், அவர் நோய்க்கு நாம்தான் காரணம் என்று நாமே கையெழுத்துப் போட்டதுபோல ஆகும் என்றார். "வழக்கமான ஃபார்மட்டைப் போடு. அவருக்கு எந்த நட்டமும் இல்லை. ப்ளீஸ்."

என் கணவருக்கு அப்போது வேலை போயிருந்தது. அவர் விசாவும் மகளின் விசாவும் என் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. அது நியாயமாகாது என்று எனக்குத் தெரியும். அன்று என் தலைக்குள் ஓடியது அதுதான் என்பதால் எழுதுகிறேன். மேசைக்குத் திரும்பி வந்து நான்கு வரியைத் தட்டச்சு செய்தேன். இவர் இத்தனை வருடம் எங்கள் நிறுவனத்தில் ஹெல்ப்பராகப் பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர், மருத்துவக் காரணத்தால் விலகுகிறார், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.

கையெழுத்தும் முத்திரையும் ஆகி வந்த கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"எழுதிட்டீங்களா மேடம்? காரை தட்டுனது இருக்கா?"

"ஓம் அண்ணை. இருக்கு."

அவர் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். "வரேன் தங்கச்சி" என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

மூன்று மாதம் கழித்து, நான் மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்தபோது வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. அவருடைய மனைவி.

"அக்கா, மதுரை ஆஸ்பத்திரில இருக்கோம். டாக்டரு என்ன வேல பாத்தாருன்னு கேக்குறாரு. பேப்பரக் காட்டுனேன். ஹெல்ப்பருன்னுதான் இருக்காம். வேற பேப்பரு ஏதும் குடுத்தீங்களா, இவரு எங்கயும் தொலைச்சுட்டாரா?"

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. மெலிந்து, காற்றுப்போல இருந்தது. "விடு. அதக் கேக்காத."

"பார்த்திட்டுச் சொல்றன்" என்றேன்.

"இன்னொண்ணுக்கா. லீவுல வரும்போது வேலைக்குப் போட்ட துணியெல்லாம் கொண்டாருவாரு. நாந்தான் துவைப்பேன். புள்ளைக துணியோட சேத்துத்தான் ஊறப் போடுவேன். எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அதற்கும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

அன்று மாலையே அந்த அம்மாவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். நடந்ததையெல்லாம் எழுதினேன், நான் சொன்ன பொய்யையும். இரண்டாம் நாள் பதில் வந்தது. துணியில் வந்திருக்கக்கூடிய தூசி மிகக் குறைவு, வருடத்துக்கு ஒரு தடவைதான் என்பதால் பயப்பட வேண்டியதில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல். அறவே ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லாதே, அது உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார். என் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பத்தியில் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தார். அப்பா இறந்து வெகுகாலம் கழித்து அரசாங்கம் சுரங்கத் தொழிலாளிகளுக்கு உதவி என்று அறிவித்தபோது, அவர் அங்கே வேலை செய்ததற்கு அம்மாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையாம். கடைசியில் பக்கத்து வீட்டுக் கிழவர் இருவர், இவர் சுரங்கத்துக்குள் போனதை எங்கள் கண்ணால் பார்த்தோம் என்று எழுதிப் பெருவிரல் பதித்துக் கொடுத்தார்கள். "நீ கண்ணால் பார்த்ததை எழுது. கம்பெனி தாள் வேண்டாம். உன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போடு" என்று முடித்திருந்தார்.

துணியைப் பற்றி அவர் எழுதியதை அன்றே அண்ணையின் மனைவிக்குச் சொல்லியனுப்பினேன். மற்றதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. கை வரவில்லை என்பதுதான் உண்மை. மகளின் பயிற்சிக் கொப்பியிலிருந்து இரண்டு தாள் கிழித்து, ஒன்றில் தமிழிலும் ஒன்றில் ஆங்கிலத்திலும் எழுதினேன். கம்பியால் இடித்தது, காற்றடித்தது, மாஸ்க் கழுத்தில் கிடந்தது, மீட்டர் சத்தம் போட்டது, கேம்பில் இருந்த பெஞ்சு, எல்லாம். முன்பு கொடுத்த கடிதம் முழுமையானதல்ல, அதை எழுதியவளும் நானே என்றும் எழுதினேன். அவரோடு வேலை செய்த மூன்று பேரிடம் கையெழுத்துக் கேட்டேன். ஒருவர், "மேடம், விசா ரினிவல் கெடக்கு, என்ன விட்ருங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது. மற்ற இருவரும் போட்டார்கள். ஒருவர் ஹிந்தியில், ஒருவர் தமிழில்.

தாளைப் படம் எடுத்து ஒரு வியாழன் காலை அண்ணையின் மனைவிக்கு அனுப்பினேன். நாள் முழுதும் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரும் திறந்து பார்த்ததாகக் காட்டவில்லை. மறுநாளும் இல்லை. சனிக்கிழமை அண்ணையோடு ஒரே ரூமில் இருந்த ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, அவர் புதன்கிழமை தவறிவிட்டார் என்று சொன்னார். ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அவர் மனைவி படத்தைப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டார். மகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டதாகச் சொன்னார். "இத வச்சு இப்ப என்னக்கா பண்றது?" என்று கேட்டார். குற்றம் சொல்வதுபோல இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். மூலத் தாளை ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். கலெக்டர் ஆபீசில் மனுவோடு நகல் வைத்துக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை.

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன், இப்படி ஒன்று எழுதி அனுப்பினேன் என்று. அவர் நகலை வாங்கி வாசித்தார். வேலை போகும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நான் இதைப் பார்க்கவில்லை" என்றார். அதன் பிறகு எவருக்கு அனுபவக் கடிதம் எழுதினாலும் என்ன வேலை, எந்தப் பொருளோடு, எத்தனை வருடம் என்று ஒரு வரி சேர்த்தேன். முதல் கடிதத்தில் அந்த வரிக்கு வந்ததும் அவர் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நான் அந்த யார்டை விட்டுப் போகும்வரை அப்படித்தான் போட்டார்.

அண்ணை இறந்து ஒரு வருடம் கழித்துத் திவசத்தன்று அவர் மனைவியை நானே அழைத்தேன். என்னவெல்லாமோ கதைத்துவிட்டு, கடைசியில் சொல்லிவிட்டேன். கடிதத்தில் இருக்கிறது என்று அண்ணையிடம் பொய் சொன்னேன், அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பதால் சொன்னேன் என்று.

"அவருக்குத் தெரியும்க்கா" என்றார். "ஏர்போர்ட்லயே பக்கத்துல இருந்த ஒருத்தர வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டாராம். கடைசி வாரந்தான் எங்கிட்டச் சொன்னாரு. அந்தப் பிள்ளையும் பொழைக்க வந்த பிள்ளதான்னாரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் எங்கோ ஓர் ஆடு கத்தியது கேட்டது.

"உல கொதிக்குதுக்கா. அரிசி போடணும். வச்சுரவா?" என்றார்.

சரி என்றேன்.